கத்தரிக்காய்க்கு விலை சொல்வது யார்?

[காட்சி: சேலம் சூரமங்கலம் உழவர் சந்தை. விடிகாலை. பலகையில் அன்றைய விலை ஏறுகிறது.]

குரல்: உழவர் சந்தைத் திட்டம் 1999-ல் வந்தது. மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல், சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. இதுதான் இங்கே விலைக் கணக்கு. நடுவில் தரகர் கிடையாது.

ஆனால் பலகையைப் பார்க்க சந்தைக்கே வர வேண்டும். ஓமலூர்ப் பக்கம் தோட்டத்தில் நிற்பவருக்கு வியாபாரி சொல்வதுதான் விலை. பலகையை யாராவது படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அவரும் பேரம் பேசலாம்.

[காட்சி: கைபேசித் திரை. விலைப்பலகைப் படத்துக்குக் கீழே வரிசையாக ரோஜாப்பூ, ‘காலை வணக்கம்’.]

குரல்: இந்த வணக்கங்களை முதலில் நிறுத்துங்கள், புண்ணியமாகப் போகும்!

சரி, விலை தெரிவது பாதிதான். எது விளைய வேண்டும், ரேஷனில் எது கிடைக்க வேண்டும் என்பதிலும் நமக்குச் சொல் இருக்க வேண்டும். 2023-ல் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. தர்மபுரி நமக்குப் பக்கத்து மாவட்டம். சேர்வராயன் மலையிலும் ராகி, சாமை விளைகிற ஊர்கள் உண்டு. அவர்கள் இப்படி ஒன்றைக் கேட்பது எப்படி?

[காட்சி: ஏற்காடு மலைப்பாதை, தள்ளித் தள்ளிச் சிற்றூர்கள்.]

குரல்: ஒரே ஊர் மனு கொடுத்தால் கோப்பில் தூங்கும். வாட்ஸ்அப் குழு உதவுவது இங்கேதான். தீர்மான வாசகத்தை எல்லா ஊரும் முன்கூட்டியே பேசித் திருத்தலாம். அப்புறம் அக்டோபர் 2 கிராம சபையில், எல்லா ஊராட்சியிலும் அதே தீர்மானத்தை ஒரே நாளில் கொண்டுவரலாம். மலையில் சிக்னல் வந்து வந்து போகும். அதனால் நீளமான வீடியோ வேண்டாம், சின்னக் குரல் பதிவு போதும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பதில் சொல்லிவிடுவார். கைபேசியே இல்லாத வீட்டுக்கு ஒருவர் நடந்து போய்த்தான் கேட்க வேண்டும். அந்த வேலையை எந்தச் செயலியும் செய்யாது.

ரேஷன் கடையைக் கண்காணிக்கவும் இதே வழிதான். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கண்காணிப்புக் குழுவுக்கும், மக்களே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கைக்கும் இடம் இருக்கிறது. இருப்புப் பலகையைத் தேதியோடு படம் எடுத்து வைத்தால், தணிக்கையில் வாய்ச்சண்டை குறையும்.

[காட்சி: கிராம சபை, விரித்த தீர்மானப் புத்தகம்.]

குரல்: கடைசியாக ஒன்று. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானம் எழுதி முடிந்ததா, நீங்கள் சொன்ன வாசகம் அப்படியே இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பிறகு கையெழுத்து. அந்தப் பக்கத்தின் படம் அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவுக்கு.