கால் மரத்துப்போவது எல்லாம் தேய்மானம்தானா?

[காட்சி: சிங்கப்பூர், தேக்கா சந்தை, காலை நேரம்]

ஒரு பெரியவர், வயது 66 என்று வைத்துக்கொள்வோம். மீன் வாங்கிக்கொண்டு ரயில் நிலையம் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். கால் கனக்கிறது, பாதம் மரக்கிறது. உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. இடுப்பு எம்ஆர்ஐயில் டிஸ்க் தேய்ந்திருக்கிறது. சரி, வயசாச்சு, தேய்மானம் என்று முடிவாகிவிடுகிறது.

ஆனால் அந்த வயதில் வலியே இல்லாதவரை ஸ்கேன் செய்தாலும் பெரும்பாலும் தேய்மானம் தெரியும். காலைக் கெடுப்பது அதுதானா என்று படம் மட்டும் சொல்லாது.

[வரைபடம்: தண்டுவடமும் இரத்தக் குழாய்களும்]

தண்டுவடத்தின் தடித்த வெளியுறையில், அரிதாகச் சிலருக்கு ஒரு தமனி நேராகச் சிரையோடு சேர்ந்துவிடும். இதற்கு டியூரல் ஃபிஸ்துலா என்று பெயர். பெரும்பாலும் 50 வயது தாண்டிய ஆண்களுக்கு வருகிறது. தமனியின் அழுத்தம் சிரைக்குள் ஏறியதும், தண்டுவடத்து இரத்தம் வடிய வழியில்லை. புக்கிட் தீமா கால்வாய் நிரம்பிவிட்டால் பக்கத்துச் சாலைத் தண்ணீர் எங்கே போகும்? அதே கதைதான். தண்டுவடம் ஊறி வீங்குகிறது. நடந்தால் கால் தளர்வதும் இதனால்தான்.

[படம்: இடுப்பு எம்ஆர்ஐ, மேல் ஓரம் பெரிதாக]

இங்கே பாருங்கள். எல்லாருடைய கண்ணும் கீழே, தேய்ந்த டிஸ்க்கில் நிற்கும். தண்டுவடத்தின் கீழ் நுனியோ படத்தின் மேல் ஓரத்தில் இருக்கிறது. அது வெளுத்து வீங்கியிருந்தால், பின்னால் புழு நெளிவதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால், விஷயம் வேறு. ஃபிஸ்துலா இன்னும் மேலேயும் இருக்கலாம். அதனால் நடுமுதுகுக்கும் எம்ஆர்ஐ, அப்புறம் ஆஞ்சியோகிராம், அதாவது இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சோதனை.

டிராலியைப் பிடித்துக் குனிந்தால் கால் லேசாகிறதா? அது தேய்மானத்தின் பக்கம். மரப்பு பாதத்திலிருந்து மேலே ஏறுகிறதா, நடை தள்ளாடுகிறதா, சிறுநீர் வர நேரமாகிறதா? உள்ளங்காலை லேசாகக் கீறினால் கட்டைவிரல் மேலே தூக்குகிறதா? அப்போது தண்டுவடத்தைச் சந்தேகிக்க வேண்டும். விரல் தூக்காவிட்டாலும் சந்தேகம் தீர்ந்துவிடாது.

இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: ஸ்டீராய்டு கொடுத்தபின் கால் இன்னும் பலவீனமானால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த நோயில் அப்படி நடப்பதுண்டு.

சிகிச்சை இருக்கிறது. குழாய் வழியே பசை செலுத்தியோ, அறுவையிலோ அந்த இணைப்பை அடைக்கிறார்கள். சீக்கிரம் அடைத்தால் நடை தேறும் வாய்ப்பு அதிகம். சிறுநீர்ப் பிரச்சினை அவ்வளவு எளிதில் தேறுவதில்லை.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) "முதுகு வலி" என்று மட்டும் சொல்லி வந்துவிடாதீர்கள். எத்தனை மாதமாக, எவ்வளவு தூரம் நடந்தால், மரப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். திடீரென்று கால் விழுந்துவிட்டாலோ சிறுநீர் நின்றுவிட்டாலோ காத்திருக்க வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு 995.