மூடியைத் தொடாதீர்கள்

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் சுங்கை சிப்பூட்டிலிருந்து வந்திருக்கிறேன். தீபாவளி நெருங்குகிறது. திறந்த இல்ல விருந்தன்று எங்கள் வீட்டு அடுப்பு இரண்டும் விடிவதற்கு முன்பிருந்தே ஒழியாது. ஒன்றில் சோறு, இன்னொன்றில் ஆட்டிறைச்சிப் பிரட்டல். கோழிக்கு இடமில்லை. அதனால்தான் மேசைமேல் வைக்கும் பெரிய ரோஸ்டர் ஓவனைப் பற்றி, அதாவது மூடி போட்டு இறைச்சி வாட்டும் மின்சாரப் பாத்திரத்தைப் பற்றிப் பேச விரும்பினேன்.

அமெரிக்காவில் நவம்பர் மாத நன்றி நாளுக்கு முழு வான்கோழியை இதில் வாட்டுவார்கள். 17 லிட்டருக்கு மேல் கொள்ளும். நமக்கு இரண்டு முழுக் கோழிகள் தாராளமாக அடங்கும். வெளிக்கூட்டின் சுவரைச் சுற்றிச் சூட்டுக்கம்பி ஓடுகிறது. அதற்குள் எடுத்துக் கழுவும் பாத்திரம் ஒன்று. சமையல் முழுவதும் அந்தப் பாத்திரத்தில்தான். வெளிக்கூட்டில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

இறைச்சியிலிருந்து எழும் ஆவி மூடியில் பட்டு, நீராகி, மறுபடி இறைச்சிமேல் சொட்டுகிறது. ஆகவே சதை வறளாது. அதே காரணத்தால் தோல் மொறுமொறுப்பாக வராது. அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள். தயிர், மஞ்சள், மிளகாய்த்தூள் தடவினால் நிறம் கிடைக்கும். ஆட்டுத் தொடைக்கு இதைவிட நல்ல பாத்திரம் எனக்குத் தெரியாது.

முதல் தீபாவளியில் பதற்றத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்தேன். திறக்கும்போதெல்லாம் சூடும் ஆவியும் வெளியேறின. இரண்டு மணி நேரம் கழித்தும் எலும்பருகே ரத்தம். விருந்தினர் வாசலில். மாமியார் ஒன்றும் சொல்லாமல் கோழியைத் துண்டு போட்டுக் குழம்பில் இறக்கினார். நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பாட்டி பால்மரக் கட்டை எரித்துச் சமைப்பார். பிரியாணிச் சட்டியின் விளிம்பை மாவால் ஒட்டிவிட்டு, யாரையும் கிட்டே விடமாட்டார். அதை அன்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது 15 நிமிடம் வெறுமனே சூடேற்றுகிறேன், கோழியை வைக்கிறேன், பிறகு கடைசி அரை மணிவரை திறப்பதில்லை. வெந்ததா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். தொடையின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல் வெப்பமானியைக் குத்துங்கள். 74 டிகிரி செல்சியஸ் வேண்டும். விருந்துவரை சூட்டில் வைப்பதென்றால் 60 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை, இது எனக்குக் கவலை தருவது. இந்த ஓவன் சுமார் 1450 வாட் இழுக்கும். தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் 2000 வாட்டைத் தாண்டும். நம் 13 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறக்குறைய 3000 வாட்தான். இரண்டையும் ஒரே நீட்டிப்பு வயரில் செருகினால் வயர் சூடேறி உருகக்கூடும். பழைய லயத்து வீடுகளில் பிளக் குறைவு, வயரிங்கும் பழையது. ஓவனை நேராகச் சுவரில் செருகுங்கள்; அந்த நேரத்தில் தேநீரை எரிவாயு அடுப்பில் போடுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஓவன் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 120 வோல்ட் என்றிருந்தால் நம் வீட்டு மின்சாரத்தில் அதைச் செருகவே வேண்டாம்.

நன்றி, வணக்கம்.