முதல் ஜாவாஸ்கிரிப்ட் கோட்: பிரௌசர் ஒன்றே போதும்

[திரையில்: காலியான ஒரு பிரௌசர் டேப்]

வணக்கம். கோடிங் கற்க உட்காரும் பலர் முதல் நாளே சோர்ந்துபோவது கோடால் அல்ல, இன்ஸ்டாலேஷனால். எதை டவுன்லோட் செய்வது, எந்த வெர்ஷன் என்று தேடியே பொழுது போய்விடும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற கோடிங் மொழிக்கு அந்தத் தலைவலி கிடையாது. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 10 நாளில் இதன் முதல் வடிவத்தை எழுதியதே பிரௌசருக்குள் ஓடுவதற்காகத்தான். இன்றும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் என எதை எடுத்தாலும் அதை ஓட்டும் இன்ஜின் உள்ளேயே இருக்கிறது.

சரி, கம்ப்யூட்டரில் புதிய டேப் ஒன்றைத் திறந்து எஃப்12 கீயை அழுத்துங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். அப்படியும் வரவில்லையா? திறந்திருக்கும் பக்கத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ கொடுங்கள். திறக்கும் பகுதியின் மேல் வரிசையில் ‘கன்சோல்’ என்று இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

[திரையில்: கன்சோல், மினுக்கும் கர்சர்]

2 + 3 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். கீழே 5 வருகிறது. உங்கள் முதல் கோட் ஓடிவிட்டது!

இப்போது அந்த 2-ஐ மட்டும் மேற்கோள் குறிக்குள் போட்டுப் பாருங்கள்: "2" + 3. விடை 5 இல்லை, "23". மேற்கோளுக்குள் போனதும் அது எண் இல்லை, வெறும் எழுத்து. எழுத்தோடு கூட்டல் குறி சேர்ந்தால் ஜாவாஸ்கிரிப்ட் கூட்டாது, ஒட்டி வைத்துவிடும். இதை இன்றே பார்த்துவைப்பது நல்லது. நாளை ஒரு ஃபார்மில் யாராவது டைப் செய்யும் எண்ணும் உங்கள் கோடுக்கு எழுத்தாகத்தான் வந்து சேரும்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஒரு மதிப்பைப் பெயரிட்டுச் சேமிக்கும் இடம்தான் வேரியபிள். அதற்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

[திரையில்: பக்கம் = 12]

என்டர் தட்டிவிட்டு, அடுத்த வரியில் பக்கம் * பக்கம் என்று எழுதுங்கள். 144. பக்க அளவு 12 உள்ள ஒரு சதுரத்தின் பரப்பளவைக் கணக்கிட்டுவிட்டீர்கள். மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலம்தான், ஆனால் பெயர்கள் நம் கையில். வேலை செய்யும் இடங்களில் ஆங்கிலப் பெயர்தான் வழக்கம் என்றாலும், பழகும்போது தமிழில் எழுதினால் எது மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்று சட்டெனப் பிரித்துப் பார்க்க முடியும்.

இப்போது வேண்டுமென்றே ஒரு தப்பு செய்வோம். கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு ‘பக்கம’ என்று எழுதி என்டர் கொடுங்கள்.

[திரையில்: சிவப்பு வரி, ‘ரெஃபரன்ஸ் எரர்’]

சிவப்பைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். ‘பக்கம’ என்ற பெயரை நீ எனக்குச் சொல்லவே இல்லையே என்கிறது, அவ்வளவுதான். எந்தப் பெயரில் சிக்கல் என்பதும் அதே வரியில் இருக்கிறது. ஒரு புள்ளி போனாலும் கம்ப்யூட்டருக்கு அது வேறு பெயர். எரரை நிதானமாக வாசிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒன்றே ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். யாரோ அனுப்பிய கோடை, புரியாமல் கன்சோலில் பேஸ்ட் செய்யாதீர்கள். நீங்கள் லாகின் செய்திருக்கும் தளத்தில் அந்தக் கோட் உங்கள் பெயரிலேயே எதையும் செய்யலாம். கையால் டைப் செய்து பழகுங்கள்.

பிரௌசர் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் கன்சோலில் உருவாக்கிய வேரியபிள் போய்விடும். கோட் தங்க வேண்டுமானால் ஃபைல் வேண்டும். நோட்பேடைத் திறந்து, உள்ளே இருப்பது ஜாவாஸ்கிரிப்ட் என்று பிரௌசருக்குச் சொல்லும் குறியான ஸ்கிரிப்ட் டேகின் தொடக்கத்துக்கும் (<script>) முடிவுக்கும் (</script>) நடுவே இந்த ஒரு வரியை எழுதுங்கள்.

[திரையில்: ஸ்கிரிப்ட் டேகுக்குள் அலெர்ட்(12 * 12), ஆங்கிலச் சிறிய எழுத்துகளில்]

சேவ் செய்யும்போது ஃபைல் பெயர் ‘டாட் ஹெச்டிஎம்எல்’ (.html) என்று முடிய வேண்டும். கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுக்க மறந்தால் நோட்பேட் பின்னால் ‘டாட் டிஎக்ஸ்டி’ (.txt) சேர்த்துவிடக்கூடும். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அந்த ஃபைலை டபுள் கிளிக் செய்யுங்கள். பிரௌசரில் ஒரு சிறு பெட்டி, அதற்குள் 144.

இனி ஃபைலில் உள்ள இரண்டு 12-ஐயும் 15 ஆக்கி, சேவ் செய்து, பிரௌசரில் ரீஃப்ரெஷ் கொடுங்கள்.

[திரையில்: பெட்டிக்குள் 225]