சொல் புரிந்தும் தீராத வழக்கு

நடுவர் அவர்களே, பாம்பன் மக்களே, வணக்கம்.

'தத்துவத்தின் வேலை மொழியைத் தெளிவாக்குவதே' என்று முழங்கிவிட்டு எதிரணித் தலைவர் இப்போதுதான் உட்கார்ந்தார். அதோடு தத்துவத்தின் வேலை முடிந்துவிடாது என்பது எங்கள் கட்சி. துணைக்குத் தத்துவவாதி விட்கென்ஸ்டைனையும் அழைத்து வந்தார் அவர். 1921-இல் வெளிவந்த அவருடைய நூலில், தத்துவம் என்பது சிந்தனையைத் தெளிவாக்கும் செயல் என்று இருக்கிறதாம். இருக்கிறது, மறுக்கவில்லை. 'காலம் ஓடுகிறது' என்று சொல்லிவிட்டு, எங்கே ஓடுகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்பவனுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் அதே நூலின் கடைசிப் பக்கங்களைத் தலைவர் ஏன் தாண்டிவிட்டார்? அறிவியல் கேள்விகள் அத்தனைக்கும் விடை கிடைத்தாலும் வாழ்க்கைப் பிரச்சினைகளைத் தொட்டிருக்கக்கூட மாட்டோம் என்று எழுதியதும் அதே விட்கென்ஸ்டைன்தான். அதற்கு அவர் சொன்ன வழி மௌனம். நமக்கு அந்த வசதி கிடையாது.

1946 அக்டோபரில் கேம்பிரிட்ஜில் கார்ல் பாப்பர் என்ற இன்னொரு தத்துவவாதி அவரிடம் நேருக்கு நேர் மோதினார்: தத்துவத்தில் இருப்பவை வெறும் புதிர்கள் அல்ல, நிஜப் பிரச்சினைகள் என்று. விட்கென்ஸ்டைன் கையில் கணப்புக் கம்பி. அதைக் காட்டி மிரட்டினாரா இல்லையா என்பதில் அறையில் இருந்தவர்களே ஒத்துப்போகவில்லை. தெளிவு பற்றிப் பேசக் கூடிய கூட்டம் அது!

சரி, நம் கரைக்கு வருகிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நம் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்து என்ற கடற்பாசியைப் பிய்த்தெடுப்பது அந்தத் தீவுகளை ஒட்டித்தான். 'உள்ளே வராதே' என்கிறார் வனத்துறைக்காரர். 'எங்க பாட்டி காலத்திலேருந்து வர்றோம், வேற பிழைப்பு ஏது?' என்கிறார் அந்த அக்கா. இதில் யாருக்கு எது புரியவில்லை? பவளப்பாறை செத்தால் பேரனுக்கு மீன் கிடைக்காது என்பது அக்காவுக்கும் தெரியும். பாசி எடுக்காவிட்டால் இன்றைக்கு உலை கொதிக்காது என்பது அதிகாரிக்கும் தெரியும். இன்னும் பிறக்காதவனுக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம்? அந்தக் கடனைப் பாசி எடுப்பவர் மட்டும் ஏன் அடைக்க வேண்டும்? தத்துவம் என்று நாங்கள் சொல்வது இந்தக் கேள்விகளைத்தான்.

'உரிமை என்ற சொல்லைத் தெளிவாக்குங்கள், வழக்கு முடிந்தது' என்பார்கள் எதிரணியினர். எப்படித் தெளிவாக்குவீர்கள்? பாட்டி எடுத்த பாசி அந்தச் சொல்லுக்குள் வருமா, வராதா? அதை முடிவு செய்ய, யாருக்கு எது நியாயம் என்று முதலில் நீங்கள் தீர்மானித்தாக வேண்டும். அகராதி அங்கே உதவாது.

அடுத்துப் பேசப்போகும் எதிரணித் தம்பி, அக்கா சொன்னதில் எந்தச் சொல் குழம்பிக் கிடக்கிறது என்று எடுத்துக் காட்டட்டும். மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, உட்காருகிறேன்.