கடன் கேட்காத கழித்தல்

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். ஆறு நிமிசம்தான் தந்திருக்கிறீங்கள், மிச்ச மரியாதையை மனசுக்குள்ள வைச்சுக்கொள்ளுறன்.

கணக்கில பிள்ளைக்குக் கைகொடுக்கிறது வாய்ப்பாடா, சொந்த வழியா? சொந்த வழி எண்டு சொல்ல வந்தனான். எதிரணி ஐயா இப்ப என்ன சொன்னவர்? "பிள்ளையைத் தன்ர பாட்டில விட்டா, பத்துக்கு மேல எண்ணச் செருப்பைக் கழட்டும்!" நீங்களும் கை தட்டினீங்கள். நானும்தான் சிரிச்சன்.

ஐயா, கால்விரலை இளக்காரமா நினைக்காதேங்கோ. பாரிஸ் லா சப்பலில இருக்கிற உங்கட மச்சானுக்குப் போன் போட்டு, பிரெஞ்சில 80க்கு என்ன பேர் எண்டு கேளுங்கோ. 'நாலு இருபது' எண்டு சொல்லுவார். ஆர் செருப்பைக் கழட்டினதோ! பிரான்ஸ் ஏன்? எங்கட தொண்ணூறுக்குள்ள நூறு வந்து குந்தியிருக்கு. தொள்ளாயிரத்துக்குள்ள ஆயிரத்துக்கு என்ன வேலை? அடுத்த வீட்டைப் பாத்துத்தான் தமிழே பேர் வைச்சிருக்கு.

என்ர மகள் தரம் மூண்டு. கொப்பியில 1000 கழி 645. கடைசிப் பூச்சியம் பக்கத்துப் பூச்சியத்திட்டக் கடன் கேக்குது, அதிட்ட இல்லை. அது அடுத்த பூச்சியத்திட்டக் கேக்குது, அதுவும் கையை விரிக்குது. பிள்ளை பென்சிலை வைச்சிட்டு, "அப்பா, இல்லாத ஆக்களிட்ட ஏன் கடன் கேக்கிறம்?" எண்டாள். திரும்பச் சொல்லுறன், பின்வரிசைக்குக் கேக்கேல்லை: இல்லாத ஆக்களிட்ட ஏன் கடன் கேக்கிறம்? இலங்கை நிதி அமைச்சில ஆரும் இதைக் கேட்டிருந்தா, 2022 ஏப்ரலில வெளிநாட்டுக் கடனைக் கட்டேலாது எண்டு சொல்ல வேண்டி வந்திராது!

பிறகு தானாவே, "அஞ்சு போட்டா 650. அம்பது போட்டா 700. முந்நூறு போட்டா ஆயிரம். 355" எண்டாள். வெள்ளவத்தைக் கடைக்காரர் மிச்சக்காசு எண்ணித் தாறதும் இப்பிடித்தான். கொப்பி சிவப்புக் கோட்டோட திரும்பி வந்துது: விடை சரி, செய்முறை பிழை.

1985இல பிரேசிலில ஒரு ஆய்வு வெளிவந்தது. ரெசிஃபே நகரத் தெருவில சாமான் விக்கிற பிள்ளையள், விக்கிற இடத்தில 100க்கு 98 கணக்கு சரி. அதே பிள்ளையளிட்ட வெறும் எண்ணாக் குடுத்தா 37தான். சரி, பிரேசிலை விடுங்கோ.

என்ர அம்மா கொட்டாஞ்சேனையில இடியப்பம் அவிச்சு வித்தவ. பதினெட்டு ரூபாப்படி ஏழு பார்சல் எண்டா, இருபதை ஏழு தரம் போட்டு, பதினாலைத் திருப்பி எடுப்பா. விரல் மடங்கி மடங்கி நிமிரும். ரியூசனுக்குப் போன கெட்டித்தனத்தில, வாங்க வந்த ஆக்களுக்கு முன்னால ஒருநாள், "அம்மா, இது பிழையான முறை" எண்டன். அவ ஒண்டும் சொல்லேல்லை. அதுக்குப் பிறகு முந்தானைக்குள்ள கையை மறைச்சுத்தான் எண்ணினா. கேட்ட காசில ஒரு சதம் பிழைச்சதில்லை. ஆனா அந்தக் கையை நான் பிறகு காணவேயில்லை.

மணி அடிக்குது, நடுவர் அவர்களே. மகள் மூண்டாம் வரிசையில இருக்கிறாள். அப்பாவுக்கு எத்தனை தரம் கை தட்டினீங்கள் எண்டு, எல்லாருக்கும் தெரிய விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள்.