பாயிண்ட் 4268: மேஜர் சரவணன் ஏந்திய ராக்கெட் லாஞ்சர்

அவையோருக்கு வணக்கம்.

முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து போகிற இந்தச் சமவெளியில் நமக்கு உயரம் என்றால் மலைக்கோட்டைதான். 83 மீட்டர். நானூறுக்கு மேற்பட்ட படியேறி உச்சிப்பிள்ளையாரைக் கும்பிடுவதற்குள் முழங்கால் கெஞ்சும். அப்படி ஐம்பது மலைக்கோட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் உயரத்தில், கார்கில் போரில் உயிர்விட்டவர் நம் திருச்சியின் மேஜர் மாரியப்பன் சரவணன். கார்கில் பகுதியில், சிந்து நதியோரம் இருக்கிறது படாலிக். அதற்கு மேலே உள்ள அந்தச் சிகரத்துக்கு ஊர்ப்பெயர் கிடையாது; பாயிண்ட் 4268 என்பார்கள். 4268 என்பது மீட்டர் கணக்கில் அதன் உயரம்.

அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் பத்தில் ஆறு பங்குதான். அதனால்தான் சமவெளியிலிருந்து போகும் சிப்பாயை 9,000 அடியில் ஆறு நாள், 12,000 அடியில் நான்கு நாள் தங்கவைத்துப் பழக்குகிறார்கள். முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. அவசரப்பட்டு ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து, குண்டு படாமலே ஆள் போய்விடுவான்.

1999 மே 28 இரவு ஏறத் தொடங்கியது பீகார் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன். அதிகாரி சரவணன் தமிழர், ஜவான்கள் எழுப்பும் போர்முழக்கம் 'பிர்சா முண்டா கி ஜெய்', அதாவது பழங்குடி வீரர் பிர்சா முண்டாவுக்கு வெற்றி. அதே போரில் பின்னாளில் டைகர் ஹில் சிகரத்தைப் பிடிக்கும்போது கிடைத்த பீரங்கி மழை அப்போது இல்லை. மேலே பாகிஸ்தான் தரப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே தெளிவாகாத நாட்கள் அவை. அந்தத் தாக்குதலை மதிப்பிடுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

மலைப்போரில் இரவுதான் கவசம். விடிவதற்குள் உச்சியைப் பிடிக்காவிட்டால் சரிவில் நிற்பவன் மொத்தமும் மேலே இருப்பவன் கண்ணில் படுவான். எதிரி கல்லடுக்கிக் கட்டிய அரணுக்குள் இருக்கிறான்; ராணுவத்தில் அதைச் 'சங்கர்' என்பார்கள். ரைபிள் குண்டு அந்தக் கல்லில் பட்டுத் தெறிக்கும். மேல்நோக்கி வீசிய கையெறி குண்டு, சறுக்கினால் வீசியவனிடமே உருண்டு வரும். கல்லை உடைக்கத் தோள்மேல் வைத்துச் சுடும் 84 மில்லிமீட்டர் ராக்கெட் லாஞ்சர் வேண்டும்.

அந்த ஆயுதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். சுமார் 14 கிலோ. குண்டுகள் தனிச் சுமை. ஒருவர் குறிபார்க்க, இன்னொருவர் பின்மூடியைத் திறந்து குண்டைச் செருகி மூடி, பின்பக்கம் ஆளில்லை என்று பார்த்துவிட்டுத் தோளில் தட்டுவார். சுட்டதும் குழாயின் பின்புறம் நெருப்பும் அழுத்தக்காற்றும் சீறும். முதுகுக்குப் பின்னால் பாறை இருந்தால் அந்தச் சீற்றம் திரும்பி வந்து சுட்டவரையே தாக்கும். படுத்துச் சுடுவதானால் கால்களைப் பக்கவாட்டில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். இருட்டில் அந்த ஒளி, சுட்டவர் இருக்குமிடத்தை எல்லோருக்கும் காட்டிக் கொடுத்துவிடும். இந்த ஆயுதத்தை எடுப்பவர், அடுத்த வினாடி எல்லாத் துப்பாக்கியும் தன் பக்கம் திரும்பும் என்று தெரிந்தேதான் எடுக்கிறார்.

மே 29 விடியற்காலை நான்கு மணித் தாக்குதலில் அதை ஏந்திச் சுட்டவர் தன் படைக் கம்பெனியை நடத்திச் சென்ற மேஜர் சரவணனே. எதிரிகள் இருவர் விழுந்தார்கள். அவர் வயிற்றில் குண்டுச் சிதறல் பாய்ந்தது.

ஏன் அவரே சுட வேண்டும் என்று கேட்கலாம். குண்டு சீறும்போது தரையோடு தரையாகப் படுப்பது உடம்பின் இயல்பு. அதில் கோழைத்தனம் இல்லை. ஆனால் படுத்த இடத்திலேயே கிடந்தால் மோர்ட்டார் தேடி வரும், பொழுதும் விடிந்துவிடும். அந்தச் சத்தத்தில் வாய்க்கட்டளை பத்தடி தாண்டாது. மேஜர் முன்னால் போவதுதான் பின்னால் கிடப்பவனுக்குக் கேட்கும் கட்டளை. அவர் அணி சுட்டு எதிரியின் தலையைத் தாழ்த்த, இன்னோர் அணி நகரும். இந்தத் தாளம் ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபடி தொடங்குவது மிகக் கடினம்.

வயிற்றுக் காயத்தோடு சரவணன் பின்வாங்கவில்லை. மேலும் இரண்டு எதிரிகளை வீழ்த்தினார். அதன் பிறகுதான் தலையில் குண்டு பாய்ந்தது. அப்போது அவருக்கு வயது 26. வீர சக்ரா விருது பின்னர் வந்தது.

உடல் அன்று வரவில்லை. அது கிடந்த இடம் எதிரியின் துப்பாக்கி எட்டும் தூரம். ஜூலையில் அந்தச் சிகரங்கள் மீட்கப்பட்ட பிறகே, ஒரு மாதத்துக்கு மேல் பனியில் கிடந்த மேஜரை அவருடைய பட்டாலியன் தூக்கிவந்தது; திருச்சிக்கு அனுப்பிவைத்தது.