ஐந்தால் வகுக்க மூன்று நாள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு மேசையைக்கூட ஒழுங்குபடுத்தவில்லை, வந்ததும் கேமராவைப் போட்டுவிட்டேன், ஏனென்றால் பல்கலைக்கழக வகுப்புக்கு நான் எழுதிக் கொடுத்த பயிற்சித்தாள் திருத்தித் திரும்பி வந்துவிட்டது, முழு மதிப்பெண்! பள்ளியில் இருந்துகொண்டே பல்கலைக்கழகத்தில் ரியல் அனாலிசிஸ் (நுண்கணிதத்தின் அடிப்படைகளை ஒவ்வொன்றாக நிரூபித்துப் படிக்கும் பாடம்) எடுக்கிறேன் என்று சொன்ன வீடியோவில், "பள்ளிக் கணக்கையே வேகமாக நடத்துவார்கள், அவ்வளவுதான்" என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லவே இல்லை.

எக்ஸ் 2-ஐ நெருங்கும்போது எக்ஸ் வர்க்கத்தின் எல்லை, அதாவது லிமிட், என்ன? பள்ளியில் 2-ஐப் போட்டு 4 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். முதல் தாளில் அப்படித்தான் எழுதினேன். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே சொல்: "ஏன்?"

அந்த "ஏன்" மூன்று நாளைத் தின்றது. யாராவது எப்சிலான் என்று எவ்வளவு சின்ன எண்ணைக் கொடுத்தாலும், அதற்கு ஈடாக நான் ஒரு டெல்டா தர வேண்டும்: எக்ஸ் 2-லிருந்து டெல்டா தூரத்துக்குள் இருந்தால், எக்ஸ் வர்க்கம் 4-லிருந்து எப்சிலான் தூரத்துக்குள் இருந்தாக வேண்டும். எக்ஸ் வர்க்கம் கழித்தல் 4, அதை எக்ஸ் கழித்தல் 2, எக்ஸ் கூட்டல் 2 என்று பிரித்தாயிற்று. முதல் துண்டை டெல்டா பிடித்துக்கொள்ளும். இரண்டாவதை என்ன செய்ய? எப்சிலானை அதாலேயே வகுத்தேன், தப்பு, டெல்டாவுக்குள் எக்ஸ் வரவே கூடாது. மூன்றாம் நாள் இரவு பச்சை நோட்டில் எண்கோடு வரைந்தபோதுதான் பிடிபட்டது. டெல்டா 1-ஐத் தாண்டாமல் வைத்தால் எக்ஸ் 1-க்கும் 3-க்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், அப்போது எக்ஸ் கூட்டல் 2 எப்படியும் 5-க்குக் கீழேதான்! ஆக டெல்டா என்பது 1, எப்சிலானில் ஐந்தில் ஒரு பங்கு, இரண்டில் எது சிறியதோ அது.

ஆங், சொல்ல விட்டுப்போச்சு, அந்த 1-தான் வேண்டும் என்றில்லை. அரை என்று வைத்தாலும் சரி, 5-க்குப் பதில் 4.5 வரும். இது தெரிந்தபோது வந்த சந்தோஷம் மதிப்பெண்ணில்கூட வரவில்லை.

நியூட்டனும் லைப்னிட்சும் 17-ஆம் நூற்றாண்டிலேயே நுண்கணிதத்தை உருவாக்கிவிட்டார்கள். ஆனால் 1821-இல் கோஷி, அவருக்குப் பின் வைர்ஸ்ட்ராஸ் என்று இரண்டு கணித அறிஞர்கள் வந்துதான் "எல்லை" என்ற சொல்லுக்கு இப்படி ஒரு கறாரான பொருள் கிடைத்தது. அதே வைர்ஸ்ட்ராஸ் 1872-இல், எங்கும் அறுபடாத, ஆனால் எந்த இடத்திலும் தொடுகோடு வரைய முடியாத ஒரு வளைகோட்டை எடுத்துக் காட்டினார். படத்தைப் பார்த்து "தெரிகிறதே" என்று சொல்லும் பழக்கம், இதைத் தெரிந்துகொண்ட அன்றோடு எனக்குப் போய்விட்டது.

"இப்போதே எடுத்துவிட்டால் பின்னால் கல்லூரியில் ஒரு பாடம் மிச்சம்தானே" என்று சொன்னால் மட்டும் எனக்கு எரிச்சல் வரும். நீங்கள் பிறகு சேரும் பல்கலைக்கழகம் இந்த கிரெடிட்டை (பாடத்தை முடித்ததற்குக் கணக்கில் சேரும் புள்ளியை) ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். மதிப்பெண் குறைந்தாலோ, அது உங்கள் பல்கலைக்கழகப் பதிவில் அப்படியே நின்றுவிடும். அதனால் பாடத்திலிருந்து விலகுவதற்கான கடைசித் தேதியை முதல் நாளே குறித்துவையுங்கள். கணக்குப் பிடித்திருந்தால் மட்டும் எடுங்கள்.

சரி, அடுத்த தாளில் 1 வகுத்தல் எக்ஸ். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போகப்போக டெல்டா சுருங்கிக்கொண்டே போகிறது. வியாழக்கிழமை கொடுக்க வேண்டும், நோட்டை எடுக்கப் போகிறேன்.